நிவேதா அசையாமல் உட்கார்ந்த நாள்

இளம் டாக்டர்களே, உங்களில் யாரையாவது ஒரு தொழிற்சாலையில் பேச அழைத்தால், முதலில் இதைத் தெரிந்துகொண்டு போங்கள்: அங்கே எதற்கும் கை தட்டுவார்கள். கை தட்டும் நேரமெல்லாம் உற்பத்தி லைனுக்குத் திரும்பிப் போகாத நேரம். இந்த எளிய உண்மை எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று. அதுவரை என் பேச்சுதான் அவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு லாட்ஜின் கீழ்த்தளத்தில் குழந்தைகள் கிளினிக் வைத்திருந்தவன் நான். தொண்ணூறுகளின் கடைசியில் ஆலைகள் ஒவ்வொன்றாக வந்தன. தெற்கேயிருந்து வந்த பையன்கள் அறை எடுத்துத் தங்கினார்கள், பிறகு கல்யாணம் செய்துகொண்டார்கள், பிள்ளை பெற்றார்கள். அந்தப் பிள்ளைகளின் சளியாலும் பேதியாலும் நான் ஊரில் பெரிய டாக்டர் ஆனேன். மேற்படிப்பில் ஒரு பதக்கம் வாங்கியிருந்தேன். அதைச் சட்டம் போட்டு, நோயாளியின் நாற்காலியிலிருந்து நேராகக் கண்ணில் படும்படி மாட்டியிருந்தேன். ஊசிக்குப் பயந்து அழும் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் அழுதார்கள். பெற்றோர் பார்த்தார்களா என்று தெரியாது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு தனியார் பள்ளிகள் பெருகின. ஆசிரியர்கள் சில பிள்ளைகளைக் குறிப்பாக என்னிடம் அனுப்ப ஆரம்பித்தார்கள். உட்கார மாட்டாத பிள்ளைகள், கேள்வி முடியுமுன் பதில் சொல்லிவிடும் பிள்ளைகள், நோட்டை எங்கே வைத்தோம் என்று தெரியாத பிள்ளைகள். கவனக்குறைவும் அடங்காத துறுதுறுப்பும் சேர்ந்த இந்த நிலைக்கு ஏ.டி.எச்.டி. என்ற பெயர் அப்போதுதான் எங்கள் பக்கம் எட்டிப் பார்த்தது. எனக்கு ஆர்வம் வந்துவிட்டது. புத்தகங்களை வரவழைத்துப் படித்தேன்.

நான் படித்ததன் சுருக்கம் இதுதான். மூளையில் ஒரு நரம்புச் செல்லும் அடுத்த செல்லும் தொட்டுக்கொண்டு நிற்பதில்லை. நடுவே மெல்லிய இடைவெளி உண்டு. செய்தி அந்த இடைவெளியை வேதிப்பொருளாக மாறித் தாண்டுகிறது. கவனத்திலும் பொறுமையிலும் டோபமின், நார்அட்ரினலின் என்ற இரண்டுக்குப் பெரிய பங்கு. வெளியே வந்த டோபமினை அனுப்பிய செல்லே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். நாம் கொடுக்கும் மாத்திரை அந்த உறிஞ்சலைத் தாமதப்படுத்தும். அதற்கு மேல் உள்ளதெல்லாம் ஊகமும் விவாதமும்தான். ஆனால் ஊகத்தையும் விவாதத்தையும் மேடையில் வைத்தால் கூட்டம் கொட்டாவி விடும்.

ஆகவே நான் அதைத் தொழிற்சாலையாக்கினேன். முதல் ஸ்டேஷன்காரர் தட்டில் பாகத்தை வைக்கிறார். அடுத்த ஸ்டேஷன்காரர் கை நீட்டுவதற்குள் வைத்தவரே அதை எடுத்துக்கொள்கிறார். லைன் முழுக்க ஆள் இருக்கிறது, சரக்கு இல்லை. இந்த இடத்தில் ஒரு விரலை உயர்த்தி, "ஷார்ட்டேஜ்!" என்பேன். கூட்டம் சிரித்துக் கை தட்டும். கார் கம்பெனிக்குப் பாகம் செய்து தரும் ஆலைகளில் அந்தச் சொல்லுக்கு உள்ள கனம் எனக்குத் தெரியும். சரக்குக் குறைந்து லைன் நின்றால் மேனேஜர் முதல் பயிற்சித் தொழிலாளி வரை அன்று யாருக்கும் சாப்பாடு இறங்காது. தெரிந்துதான் அந்தச் சொல்லை எடுத்தேன். அதை வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள் என்ன செய்வார்கள் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை.

கொம்பையா காருக்கு வயர் கோத்துத் தரும் ஆலை ஒன்றில் தரம் பார்ப்பவர். ஊர் திருநெல்வேலிப் பக்கம். சேரப்பணஞ்சேரியில் வாடகைக்கு அறை கேட்டுப் போன வீட்டிலேயே பெண்ணும் கேட்டவர். அந்தப் பெண் தேவகி. அவர்களுடைய ஒரே மகள் நிவேதா இரண்டாம் வகுப்பில், ஸ்ரீபெரும்புதூர் மெட்ரிக் பள்ளி ஒன்றில் படித்தாள்.

அவர்கள் முதன்முதலாக என் அறைக்கு வந்தபோது, தந்தை நாற்காலியில் உட்காருவதற்குள் மகள் கைக்குழந்தைகளின் எடை பார்க்கும் தட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"டாக்டர், இந்த முள்ளு அந்தாண்ட போய் முட்டிக்கிச்சு. ஒடஞ்சிடுச்சா?"

"இறங்குட்டீ" என்றார் கொம்பையா. "பாருங்க சார், ஒரு எடத்துல இருக்க மாட்டுக்கா. பள்ளிக்கூடத்துல பெரிய டீச்சர் சொல்லிட்டாங்க. ஆயுத பூஜை லீவு முடிஞ்சு வரும்போதும் இப்படியே இருந்தான்னா டி.சி.தானாம். அந்த சீட்டு வாங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"நல்லாதான் கீறா டாக்டர்" என்றார் தேவகி. "வாய் நிக்காது, காலு நிக்காது. அவ்ளோதான். இவரு தான் பயந்துக்கினு கெடக்குறாரு."

பல முறை வரவழைத்துப் பிள்ளையைக் கவனித்தேன், வகுப்பாசிரியையிடம் கேட்டேன், சென்னையில் குழந்தைகள் மனநலம் பார்க்கும் மருத்துவர் ஒருவருக்கும் அனுப்பிவைத்தேன். அவர் என்னைவிடப் பல வயது இளையவர். ஏ.டி.எச்.டி.தான் என்று அவரும் சொன்னார், சிறிய அளவில் மாத்திரை தொடங்கலாம் என்றார். நோயைக் கண்டுபிடித்ததில் நான் தவறவில்லை. அதில் தவறியிருந்தால் அறியாமை என்றாவது சொல்லித் தப்பித்திருக்கலாம்.

மாத்திரை எழுதுமுன் கொம்பையாவுக்கு என் லைன் கதையைச் சொன்னேன். ஷார்ட்டேஜையும் சொன்னேன். அறையில் கை தட்ட ஆள் இல்லை என்றாலும் விரலை உயர்த்தினேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி போட்டார்.

"எங்க வயர்க் கட்ட, அதான் ஹார்னஸ்ஸ, டெஸ்ட் போர்டுல மாட்டினா பச்சை எரியும், இல்லைன்னா சிவப்பு எரியும் சார். இவளுக்கு எம்புட்டுக் கொறையுதுன்னு எதுல பாக்கீங்க?"

இதுதான் நான் சறுக்கிய இடம். சரியான பதில், "எதிலும் பார்க்க முடியாது. ரத்தத்தில் தெரியாது, படத்தில் தெரியாது. குறைகிறது என்பதே ஒரு விளக்கம்தான். பிள்ளையைப் பார்த்துப் பார்த்துத்தான் நடத்திக்கொண்டு போகவேண்டும்" என்பது. தினமும் விளக்கு வைத்துச் சோதிக்கும் மனிதரிடம், என்னிடம் விளக்கு இல்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. தலைக்கு மேலே பதக்கம் வேறு தொங்கிக்கொண்டிருந்தது.

"அசையாமல் ஒரு இடத்தில் உட்கார்ந்தால் பச்சை என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

சொல்லும்போதே எனக்கு அது பிடித்துவிட்டது. அடுத்த கூட்டத்தில் பயன்படுத்தலாம் என்று மனத்தில் குறித்துக்கொண்டேன்.

முதல் சில வாரங்கள் உண்மையிலேயே நன்றாகப் போயின. ஒரு பக்கம் முழுக்க எழுதிவிட்டுத்தான் எழுந்தாள் என்று வகுப்பாசிரியை சொல்லி அனுப்பினார். கொம்பையா ஆலையில் எல்லோரிடமும் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார். ஆயுத பூஜையன்று அந்த ஆலையில் தொழிலாளர்கள் குடும்பத்தோடு வருவார்கள். எந்திரங்களைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் இட்டு, வாழைக்கன்று கட்டி, பிள்ளைகளுக்கு அப்பா வேலை செய்யும் இடத்தைக் காட்டுவார்கள். அந்த ஆண்டு பூஜைக்குப் பிறகு என் பேச்சை வைத்தார்கள். நலத்துறை அதிகாரி கேட்டபோது நானே ஒரு யோசனை சொன்னேன்: நிவேதாவை மேடையில் உட்கார வைக்கலாம், அவளுடைய தலைமையாசிரியையையும் அழைக்கலாம், அவரே கண்ணால் பார்த்தால் டி.சி. பேச்சு அத்தோடு முடியும். கேட்க நல்ல காரியம் போலத்தான் இருந்தது. என் மனத்தில் இருந்த மற்றக் காரணத்தை உங்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

பூஜைக்கு முந்திய வாரம் கொம்பையா வந்து, மாத்திரை மழையில் நனைந்துவிட்டது, இன்னொரு சீட்டு வேண்டும் என்றார். அது எல்லாக் கடையிலும் கிடைக்கும் மாத்திரை அல்ல. சென்னைக்குப் போய், சீட்டைக் காட்டித்தான் வாங்கவேண்டும். அப்படிப்பட்ட ஒன்றை இரண்டாம் முறை கேட்டால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நாலு கேள்வி கேட்கவேண்டும். நான் மேடைத் திரையில் காட்டுவதற்காகப் புரொஜெக்டர் தாள்களில் படம் வரைந்துகொண்டிருந்தேன். டோபமினுக்குச் சிவப்பா ஆரஞ்சா என்பதில் குழப்பம். எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்ப வரைய உட்கார்ந்தேன். அடுத்த நாள் தேவகி தொலைபேசியில் அழைத்து, பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை என்று என் உதவியாளரிடம் சொல்லியிருக்கிறார். "இந்த மாத்திரைக்குப் பசி குறையும், பழகிவிடும் என்று சொல்" என்றேன். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.

ஆயுத பூஜையன்று ஆலையின் சாப்பாட்டுக் கூடம் நிரம்பி வழிந்தது. முன் வரிசையில் தலைமையாசிரியை. அவர் பக்கத்தில் கொம்பையா, புதுச் சட்டையில். நான் லைன் கதையைச் சொன்னேன், சிரித்தார்கள். ஷார்ட்டேஜ் சொன்னேன், தட்டினார்கள். பிறகு நிவேதாவை அழைத்து மேடை நாற்காலியில் உட்கார வைத்தேன்.

அசையவே இல்லை. அத்தனை பேர் பார்க்கிறார்கள், பக்கத்தில் புரொஜெக்டர், மேசை மேல் பொரி கடலைத் தட்டு. கை நீட்டவில்லை. காலை ஆட்டவில்லை. கூடத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. "பச்சை!" என்றேன் ஒலிபெருக்கியில். கரவொலி அடங்க நேரமாயிற்று.

அந்தப் பெருமையில் அவள் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டப் போனேன். கை சில்லிட்டு ஈரமாக இருந்தது. கட்டைவிரலின் ஓரத்தை மற்ற விரலால் பிய்த்துப் பிய்த்து ரத்தம் கசிந்திருந்தது. பழக்கத்தில் என் விரல் நாடியில் போய் நின்றது. எண்ண முடியாத ஓட்டம். உதடு காய்ந்திருந்தது. அவள் எதையும் பார்க்கவில்லை, ஆனால் கண் மட்டும் விரிந்திருந்தது. நாற்காலியில் இருந்தது அமைதியான பிள்ளை அல்ல, உறைந்துபோன பிள்ளை என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது.

இன்னும் ஒரு தாள் பாக்கி இருந்தது. அதைப் போட்டு, பேசி முடித்தேன்.

இளையவர்களே, இதை நான் மென்மையாகச் சொல்லிக்கொண்டு போகலாம். "ஒரு கணம் தயங்கினேன்" என்று எழுதலாம். நான் தயங்கவில்லை. முடிவுரையும் நன்றியும் சொல்லி முடித்தேன். நல்ல முடிவுரை அது, இப்போதும் ஏறக்குறைய மனப்பாடம்.

நான் கும்பிடும்போது நிவேதா நாற்காலியிலிருந்து பக்கவாட்டில் சரிந்தாள். எனக்கு முன்னால் தேவகி மேடையில் இருந்தார். கூட்டத்தின் நடுவிலிருந்து எப்படி வந்தார் என்று தெரியாது.

"இவ வாய தொறந்து பேசி ஒரு வாரம் ஆவுது. சோறு எறங்கல, தூக்கம் இல்ல. இதுக்குத்தான் கூட்டினு வரச் சொன்னீங்களா?"

முதலுதவி அறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கொம்பையா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எத்தனை கொடுத்தீங்க?" என்றேன்.

"ஆயுத பூஜைக்கு நாங்க எல்லா மெஷினையும் முழு செட்டிங்குல வச்சுக் காட்டுவோம்லா சார்... ஷார்ட்டேஜ் வந்துரப்படாதுன்னு பத்து நாளா ஒண்ணு சேத்துக் குடுத்தேன். இன்னிக்கு மேடைன்னு... இன்னொண்ணும் சேத்து." உள்ளே வராமல் மகளை எட்டிப் பார்த்தார். "உக்காந்தா பச்சைன்னு சொன்னீங்கள்லா சார்."

சென்னை மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்தேன். முதலில் அவர் செய்யவேண்டியதையெல்லாம் வரிசையாகச் சொன்னார். ஆலையின் ஆம்புலன்ஸில் உடனே அனுப்பச் சொன்னார். பிறகு கேட்டார்.

"மாத்திரையை வீட்ல யார் குடுக்கறாங்க சார்?"

"அப்பா."

"அவருக்கு எந்த ஷிப்ட்?"

"கேட்கவில்லை."

"பொண்ணு பேசறாளான்னாவது கேட்டீங்களா?"

"அமைதியாக இருந்தாள். நன்றாக இருக்கிறாள் என்று..."

"யாருக்கு நல்லா இருந்துது சார்?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

டோபமின் குறைந்தாலும் கவனம் நிற்காது, மிஞ்சினாலும் நிற்காது. மிஞ்சினால் பிள்ளை ஒன்றில் சிக்கி உறைந்துவிடும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், நகத்தைப் பிய்க்கும். ஏணி போல ஏறிக்கொண்டே போகும் விஷயம் அல்ல இது, மேடு போல ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குவது. இது நான் படிக்காததல்ல. என் தாள்களில் அதற்கு இடம் வைக்கவில்லை, ஏனென்றால் "ஷார்ட்டேஜ்" போல அது ஒரு சொல்லில் அடங்காது.

இதற்குள் நலத்துறை அதிகாரி உள்ளே வந்தார். "சார், ஜனங்க பயந்துட்டாங்க. மைக்குல ஏதாவது சொல்லணும். காலைல சாப்பிடாம வந்ததால மயக்கம்னு சொல்லிடவா?"

நான் சரி என்று தலையை ஆட்டினேன்.

வெளியே ஒலிபெருக்கி கேட்டது. பயப்பட ஒன்றுமில்லை என்றது. வெறும் வயிற்றில் வந்ததால் பிள்ளைக்கு மயக்கம் என்று டாக்டரே சொல்லிவிட்டார் என்றது. தாய்மார்கள் விழா அவசரத்தில் பிள்ளைகளைப் பட்டினி போட்டு அழைத்துவர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. தேவகி மகளின் தலையை மடியில் வைத்தபடி அதை முழுவதும் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ரத்த அழுத்தம் பார்ப்பதில் மும்முரமாக இருந்தேன். சற்று முன் பார்த்ததைத்தான் மறுபடி பார்த்தேன்.

நிவேதா பிழைத்தாள். சென்னையில் ஒரு நாள் வைத்திருந்து, நாடி இறங்கியதும் அனுப்பினார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு, சில வாரம் கழித்துப் பழைய சிறிய அளவில், வேறு முறையில் தொடங்குவதாகச் சென்னை மருத்துவர் சொன்னார். அந்தப் பிள்ளைக்கு மாத்திரை உதவத்தான் செய்தது, அதையும் சொல்லியாகவேண்டும். என் கதையைக் கேட்டுவிட்டு மருந்தே தப்பு என்று கிளம்பிவிடாதீர்கள். அது வேறு ஒரு வகைச் சோம்பேறித்தனம்.

ஆனால் பள்ளியில் விஷயம் வேறு மாதிரி ஆகிவிட்டது. லீவு முடிந்து போன பிள்ளையை வகுப்பில் விடவில்லை. நான் தலைமையாசிரியையைப் பார்க்கப் போனேன். தாய் மேல் தப்பில்லை, மருந்து மிஞ்சியதுதான் காரணம், அதற்கு நானே பொறுப்பு என்று அவர் அறையில் உட்கார்ந்து சொன்னேன். சொல்லி முடித்தபோது, பெரிய தியாகம் செய்துவிட்டவன் போல எனக்கே தோன்றியது.

"என்கிட்ட சொல்லி என்ன டாக்டர்?" என்றார் அவர். "என் ஸ்கூல்ல பாதிப் பிள்ளைங்க அந்தக் கம்பெனி ஆளுங்க பிள்ளைங்க. அம்மாவே சோறு போடாத பிள்ளை, வளர்ப்பு சரியில்லை, பக்கத்துல உக்கார வைக்காதீங்கன்னு தினம் ஒருத்தர் வந்து நிக்கறாங்க. அவங்க வாய அடைச்சிட்டு வாங்க, பாக்கலாம்."

அன்று மதியம் தேவகி மகளுடன் கிளினிக்குக்கு வந்தார். உட்காரவில்லை.

"அன்னிக்குக் காலைல இட்லி ஊட்டினேன். துப்பிட்டா. உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் அம்மா. மாத்திரைதான் பசியை அடைத்தது."

"அப்போ ஏன் சொல்லல?"

"பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு வந்தேன்" என்றேன்.

"மைக்குல சொன்ன பொய்ய ரூம்புல திருத்திட்டு வந்தீங்களா? நல்லாக் கீது டாக்டர்."

ஆலையில் கேட்டேன், மறுபடி மேடை தரமாட்டார்கள், அடுத்த கூட்டம் சாலைப் பாதுகாப்பு பற்றி என்று விளக்க முயன்றேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

"மேடை எதுக்கு? காலைல வேலைக்குப் போன ஏ ஷிப்ட் பஸ்ஸு இப்போ வரும். அதுல வர்றவங்கதான் பேசறாங்க. வாங்க."

வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள். போனேன். டீக்கடைப் பக்கம் கம்பெனிப் பேருந்து வந்து நின்றது. நான் படியில் காலை வைத்ததும் ஓட்டுநர் திரும்பினார்.

"சார், இது கம்பெனி வண்டி. காஞ்சிபுரம் போவாது."

"போறதுக்கு இல்ல அண்ணே, பேசறதுக்கு" என்றார் தேவகி. "ரெண்டு நிமிசம் நிறுத்துங்க."

சீருடையில் களைத்துப்போன முகங்கள், பாதிப் பேர் பெண்கள். ஒருத்தி என்னைக் கண்டதும், "டாக்டர், பையனுக்குக் காது வலி, சாயந்தரம் இட்டாரவா?" என்றாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அன்பார்ந்த தொழிலாளத் தோழர்களே" என்று தொடங்கினேன்.

"அதெல்லாம் வாணாம்" என்றார் தேவகி பின்னாலிருந்து. "நேரா சொல்லுங்க."

நேராகச் சொன்னேன். இந்த அம்மா பிள்ளையைப் பட்டினி போடவில்லை, மருந்து மிஞ்சியதால்தான் பிள்ளை சரிந்தது, எனக்குத் தெரிந்தும் நான் சொல்லவில்லை என்றேன்.

"அப்போ கொம்பையா அண்ணன் தப்பா?" என்றது நடு வரிசையிலிருந்து ஒரு குரல்.

"இல்லை. அசையாமல் இருந்தால் நல்லது என்று அவருக்குச் சொன்னது நான். பிள்ளை பேசுகிறதா, சாப்பிடுகிறதா என்று நான் கேட்கவே இல்லை."

"அட, மேடையில பச்சைன்னு கத்தினீங்களே டாக்டர்!" என்றான் ஒருவன். வண்டி சிரித்தது. அதற்குள் நிவேதா என் கைக்குக் கீழே நுழைந்து உள்ளே ஓடிவிட்டாள். மருந்தில்லாத நாட்கள் அவை, பழைய வேகம் முழுதாகத் திரும்பியிருந்தது. கடைசி இருக்கை வரை போய், ஒவ்வொருவரிடமும் நின்று நின்று சொன்னாள்.

"கேட்டுச்சா? எங்கம்மா இட்லி குடுத்தாங்க. நான்தான் துப்பினேன். சட்னிகூட குடுத்தாங்க. டாக்டர் பொய் சொல்லிட்டாராம். உனக்குக் கேட்டுச்சா அக்கா?"

அவளை இறக்க ஓட்டுநரும் நானும் சேர்ந்து முயன்றும் நேரமாயிற்று. வண்டி நகர்ந்தது. நான் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரிதானே அம்மா?" என்றேன். பாராட்டை எதிர்பார்க்கும் பழக்கம் அப்போதும் போகவில்லை.

"ஏ ஷிப்ட்டு ஆச்சு" என்றார் தேவகி. "பி கீது, சி கீது."

"சி ஷிப்ட் வண்டி விடியற்காலையில் அல்லவா வரும்?"

"நீங்க எழுந்துக்கவே மாட்டீங்களா?"

மற்ற இரண்டு ஷிப்டுக்கும் போனேன். சி ஷிப்ட் வண்டியில் பாதிப் பேர் தூக்கம், அதனால் சிலருக்குத் தனித்தனியாக எழுப்பிச் சொல்லவேண்டி வந்தது. கொம்பையா அந்த வண்டியில்தான் இருந்தார். நான் பேசி முடிக்கும் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கும்போது, "பாத்து இறங்குங்க சார், படி வழுக்குது" என்றார். அதற்கு மேல் அவரிடமிருந்து எதையும் எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை.

உங்களுக்கு நான் சொல்லக்கூடிய வேலை விஷயம் கொஞ்சம்தான். மாத்திரை எழுதுமுன் வீட்டில் யாருக்கு எந்த ஷிப்ட், யார் கையால் பிள்ளை அதை விழுங்கும் என்று கேளுங்கள். எதில் அளக்கிறீர்கள் என்று கேட்டால், அளக்க முடியாது என்று சொல்லுங்கள். வானம் இடிந்து விழாது. பிள்ளையிடம் பேச்சுக் கொடுங்கள், காத்திருப்பவர்கள் கதவைத் தட்டினாலும். தப்பாகச் சொன்னதை எங்கே நின்று சொன்னீர்களோ அங்கே நின்று திருத்த முடியாமல் போகலாம். அப்போது வேறு இடம் யாராவது காட்டினால் மறுக்காமல் போங்கள்.

பெற்றோர் வாய் அடைந்ததோ, தலைமையாசிரியைக்கே அலுத்துவிட்டதோ, நிவேதாவை வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். முதல் பெஞ்சில், சாக்பீஸ் எடுத்துவரவும் நோட்டுகளைக் கொடுக்கவும் எழுந்துபோகலாம் என்ற அனுமதியோடு. அரையாண்டுத் தேர்வை அவள் அதே பள்ளியில்தான் எழுதினாள். கணக்குத் தாளில் முன்பக்கம் முழுவதும் சரி. பின்பக்கம் ஒன்று இருக்கிறது என்பதே நினைவில்லாமல் எல்லோருக்கும் முன்னால் கொடுத்துவிட்டு வெளியே ஓடிவந்துவிட்டாள். தேவகி அன்று சாயங்காலம் கிளினிக்குக்கு வந்து அரை மணி நேரம் திட்டினார். யாரை என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.